எப்போ சுத்துது, எவ்வளவு நேரம் சுத்துது?

அறுபத்தைந்தைத் தாண்டிய பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு என்ன பேசுவார்கள்? முட்டி, முதுகு, மூத்திரம், பேரன் பேத்தி. பெரும்பாலும் இந்த வரிசையில்தான். ஒரு காலத்தில் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவிந்த இடத்தில் இப்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் வருகின்றன. ஒருத்தர் மாடித் தொட்டியில் பூத்த முதல் பூவைப் படம் எடுத்துப் போடுவார். அதற்குக் கீழேயே இன்னொருத்தர், "ராத்திரி பூரா கால் குடைச்சல், தூக்கமே இல்லை" என்று போடுவார். பூவுக்கு நாலு பேர் கை தட்டுவார்கள். குடைச்சலுக்கு இருபது வைத்தியம் வரும்.

உடம்பைப் பற்றி நண்பர்களிடம் சொல்வது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டில் சொன்னால் பிள்ளைகள் பதறுவார்கள், அல்லது "டாக்டர்கிட்ட போங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒத்த வயசுக்காரர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட வலி என்று கேட்கப் பொறுமை இருக்கிறது. ஆனால் கேட்காமலே வைத்தியம் சொல்பவர்கள்தான் எந்தக் குழுவிலும் அதிகம். எங்கள் குழுவும் அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. எனக்கு வந்த தலைசுற்றலிலிருந்தே சொல்கிறேன்.

ஒருநாள் விடியற்காலையில் வலது பக்கம் புரண்டு படுத்தேன். அறையே சுழன்றது. கண்ணை மூடினால் மூடிய கண்ணுக்குள்ளும் சுழல்கிறது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், கொஞ்ச நேரத்தில் நின்றது. எழுந்தேன், நடந்தேன், ஒன்றுமில்லை. அலமாரியின் மேல்தட்டில் இருந்த டப்பாவை அண்ணாந்து எடுக்கப் போனபோது மறுபடியும் ஒரு சுற்று. குழுவில் போட்டேன். பிரஷர் என்றார் ஒருவர். ரத்தசோகை, பித்தம், கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று வரிசையாக வந்தது. கழுத்து எலும்பு தேய்மானமாகத்தான் இருக்கும், உடனே கழுத்துப்பட்டை வாங்கு என்று படத்தோடு ஒருத்தர் அனுப்பினார். இரண்டு பேர் மாத்திரை அட்டையைப் படம் எடுத்தே போட்டுவிட்டார்கள்.

எங்கள் வகுப்பில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. "எப்போ சுத்துது, எவ்வளவு நேரம் சுத்துது? உட்கார்ந்திருக்கும்போது சுத்துதா, தலையைத் திருப்பினா மட்டுமா? எந்தப் பக்கம்? காது கேக்குறதுல ஏதாவது வித்தியாசம் இருக்கா? பேச்சு குழறுச்சா, ரெண்டு ரெண்டா தெரிஞ்சுதா, கை கால் மரத்துச்சா?" என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும்போதே எனக்குத் தெளிவானது: தலையை ஆட்டாதவரை ஒன்றுமில்லை, வலது பக்கம் போனால் வருகிறது, ஒரு நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. "சரி, பயப்படாதே, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார். இப்ப எனக்கு எழுதினியே, அதையே அவர்கிட்டயும் சொல்லு" என்றாள்.

டாக்டர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கியது. அதே சுழற்சி. "கண்ணை மூடாதீங்க, என்னையே பாருங்க" என்றார். என் கருவிழி துடிக்கிற விதத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றல் நின்றதும் தலையை அப்படியே இடப்பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அப்புறம் உடம்பையும் இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி முகத்தைக் கவிழ்த்தார். கடைசியில் மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார். அவ்வளவுதான் வைத்தியம். மாத்திரை எதுவும் எழுதவில்லை.

உள்காதில் சமநிலை பார்க்கும் பகுதியில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்குமாம். வயதானால், அல்லது தலையில் அடிபட்டால், சில துகள்கள் கழன்று பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலையைத் திருப்பும்போது துகள் உருளும், குழாயிலிருக்கும் திரவம் அசையும், ஆள் சுழல்வதாக மூளைக்குத் தப்பான தகவல் போகும். டாக்டர் என் தலையைத் திருப்பித் திருப்பி வைத்தது அந்தத் துகளைக் குழாயிலிருந்து வெளியே உருட்டத்தான். ஜான் எப்லி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் வகுத்த முறை இது, 1992-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடுகிறது. திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. இதை வீடியோ பார்த்து நாமே செய்துகொள்ளலாமே என்று குழுவில் கேட்டார்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று முதலில் தெரிய வேண்டும். கழுத்து எலும்பில் கோளாறு இருப்பவர்கள் இப்படித் தலையைத் தொங்கவிடவும் கூடாது. முதல் தடவை டாக்டரிடம்தான் போக வேண்டும்.

நான் சரியான சந்தோஷத்தில் இதை விலாவாரியாக எழுதிப் போட்டேன். உடனே, வங்கியில் வேலை பார்த்த நண்பர், "எனக்கும் சுத்துது, எனக்கும் அந்தத் துகள்தான்" என்று கிளம்பினார். மறுபடி நர்ஸ் தோழியின் கேள்விகள். அவருக்குப் படுக்கையில் புரண்டால் ஒன்றும் செய்வதில்லை. ராத்திரி பாத்ரூம் போக எழுந்து நிற்கும்போதுதான் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. "புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் தனியாக அவளுக்கு மட்டும் எழுதியிருக்கிறார், புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை என்று. டாம்சுலோசின் போன்ற அந்த வகை மாத்திரைகள் சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்துவதோடு ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்திவிடும். எழுந்து நின்றதும் பிரஷர் இறங்கும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்த்து, மேல் எண் 20 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். அவருக்கு அதைவிடவும் இறங்கியது. டாக்டர் மாத்திரை போடும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். எழுவதற்கு முன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கச் சொன்னார். இரவு விளக்கு ஒன்றும் வைக்கச் சொன்னார். நம் வயதில் இடுப்பெலும்பு முறிவு பெரும்பாலும் இப்படிப்பட்ட தடுமாற்றத்தில்தான் வருகிறது என்பதால், அந்த விளக்கை நானும் வாங்கி வைத்துவிட்டேன்.

இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. ஆனால் அவர் என் வைத்தியத்தைச் செய்திருந்தால் ராத்திரி விழுந்திருப்பார். இதைப் பார்த்த பிறகும் மாத்திரைப் பெயர்கள் குழுவில் வருவது நிற்கவில்லை. அதற்கு ஒரு முட்டிவலி தேவைப்பட்டது.

கணக்கு வாத்தியாராக இருந்த நண்பருக்கு முட்டி தேய்ந்திருந்தது. இன்னொருத்தர், "இதைப் போட்டேன், மாடிப்படி ஓடி ஏறுறேன்" என்று ஒரு வலி மாத்திரையைச் சிபாரிசு செய்தார். வாத்தியார் வாங்கிப் போட்டார். வலி போனது உண்மைதான். கொஞ்ச நாளில் கால் வீங்கியது, செருப்பு நுழையவில்லை, பிரஷர் ஏறியது. ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருந்தது, அதாவது சிறுநீரகம் திணறுகிறது. சிபாரிசு செய்தவருக்கு வேறு வியாதி எதுவும் இல்லை. வாத்தியாரோ பிரஷருக்கு ஒரு மாத்திரையும் கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சில பிரஷர் மாத்திரைகளும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது அதன்மேல் இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் அடி வாங்கும். நல்லவேளை, சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினார்கள், எண் இறங்கிவிட்டது. முட்டிக்கு இப்போது தொடைத் தசையைப் பலப்படுத்தும் உடற்பயிற்சி செய்கிறார். புலம்பிக்கொண்டேதான் செய்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் அட்மின் கறாராகிவிட்டார். என்ன செய்கிறது, எந்த மாதிரி டாக்டரைப் பார்த்தோம், என்ன சோதனை எடுத்தார்கள், தேற எவ்வளவு நாள் ஆனது என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். மாத்திரை அட்டையின் படம் வந்தால் உடனே அழித்துவிடுவார். ஆரம்பத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள். அப்புறம் பொழுது போகாமல் திரும்பி வந்துவிட்டார்கள்.

எண்களைப் போடும் பழக்கத்தை அட்மினால் நிறுத்த முடியவில்லை. பிரஷர் மிஷினைப் படம் பிடித்து, "168/94, என்ன பண்றது?" என்று நடுராத்திரியில் போடுவார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் டிவி ஓடுவது தெரியும். பிரஷர் பார்க்க ஒரு முறை இருக்கிறது. அதற்கு முந்தின அரை மணி நேரம் காபி, சிகரெட், நடை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். பட்டையைச் சட்டைக் கைமேல் கட்டக் கூடாது. கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். பேசக் கூடாது. இந்தப் பேசாமல் இருப்பதுதான் எங்கள் ஆட்களுக்கு முடியாத காரியம். கைக்குச் சின்னதான பட்டையைக் கட்டினாலும் எண் கூடுதலாகத்தான் காட்டும். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பார்த்து, இரண்டையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு வேண்டியது அந்த நோட்டுதான். அதுவே 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் நோட்டும் வேண்டாம் குழுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

சுகரில் இதைவிட மோசம், போட்டியே நடக்கும். மூன்று மாதச் சராசரி எனக்கு 6.1, உனக்கு எவ்வளவு என்று. ஜெயிக்கிற ஆசையில் ஒருத்தர் ராத்திரி சாப்பாட்டைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார், மாத்திரையை மட்டும் விடவில்லை. விடியற்காலை வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மனைவியையே யார் என்று கேட்டிருக்கிறார். சுகர் 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வயதானவர்களுக்கு, அதுவும் வேறு நோய்களும் இருந்தால், சராசரி 7.5, ஏன் 8 வரை இருந்தால்கூடப் போதும் என்று டாக்டர்கள் வேண்டுமென்றே தளர்த்தி வைப்பது இந்த மாதிரி விடியற்காலைகளைத் தவிர்க்கத்தான். அடுத்தவரின் எண் நமக்கு மார்க் ஷீட் இல்லை.

இனி, சிரிப்போடு சிரிப்பாக வருகிற செய்திகள். இவற்றைத்தான் நான் அதிகம் பயந்து படிக்கிறேன்.

ஒரு நண்பர் காலையில் எழுதினார்: "நேத்து சாயங்காலம் பேனா கையிலேருந்து தானா விழுந்துடுச்சு. எடுத்தேன், மறுபடி விழுந்துடுச்சு. பத்து நிமிஷம் கை என் பேச்சையே கேக்கலை. வயசாயிடுச்சுப்பா!" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நர்ஸ் தோழி அதைப் பார்த்த நிமிஷமே அவர் மனைவிக்கு போன் செய்தாள். வந்து போனது சின்ன பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டுத் தானே சரியாகியிருக்கிறது. இப்படி ஒன்று வந்தால் அடுத்த ஓரிரு நாட்களில் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். "இப்பதான் நல்லா இருக்கே, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று அவர் கேட்டாராம். எல்லோரும் கேட்பது அதைத்தான். கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. மருந்து ஆரம்பித்து, அப்புறம் அடைப்புக்கும் வைத்தியம் செய்தார்கள். இன்று அவர் கையெழுத்து முன்பைவிட மோசமில்லை.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மூளை ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி. இந்த நிலையில் விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் வரவழை என்று ஒரு செய்தி எத்தனையோ வருஷமாகச் சுற்றுகிறது. மாரடைப்பு வந்தால் விடாமல் இருமு என்று இன்னொன்று. இரண்டுமே பொய். குத்துவதிலும் இருமுவதிலும் போகிற நேரம்தான் மிச்சம். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். நான் அதைப் படிக்கக்கூடச் செய்வதில்லை.

காலை வணக்கப் படங்களை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். தனியாக இருப்பவர்களுக்கு அதுதான் வருகைப் பதிவேடு. மனைவி போன பிறகு தனியாக இருக்கும் நண்பர் ஒருவர் விடிந்ததும் பூப்படமும் கிழமையும் போட்டு வணக்கம் சொல்வார். ஒருநாள் படம் வந்தது, ஆனால் மத்தியானம். கிழமை தப்பு. கொஞ்ச நேரத்தில் அதே படம் மறுபடியும், கீழே அர்த்தமில்லாத எழுத்துகள். யாரோ கூப்பிட்டார்கள். பேசினார், ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் ஒருத்தரிடம் இருந்தது, அவர் அழைத்துப் போனார். சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145.

அவருக்குப் புதிதாக நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நடுவில் வயிற்றுப்போக்கு. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று குழுவிலேயே ஆளாளுக்குச் சொன்னோம், அவரும் குடம் குடமாகக் குடித்தார். உப்பு வெளியே போக, வெறும் தண்ணீர் உள்ளே போக, ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிட்டது. மூளைக்குக் குழப்பம் வந்தது அதனால்தான். வயதானவர் திடீரென்று இரண்டொரு நாளில் குழம்பிப் பேசினால் அதை மறதி நோய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சோடியம், சுகர், சிறுநீர்த் தொற்று, புது மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும். வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்கிற விஷயமும் இல்லை இது. சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கெடுதல், மணிக்கணக்குப் பார்த்து மெதுவாகத்தான் ஏற்றுவார்கள்.

பக்கத்து வீட்டு நம்பர் ஒருத்தரிடம் இருந்தது தற்செயல். அதன் பிறகு தனியாக இருப்பவர்கள் ஒவ்வொருவரும், சாவி யாரிடம் இருக்கிறது, பக்கத்தில் யாரைக் கூப்பிடலாம் என்பதைக் குழுவில் இரண்டு பேரிடமாவது கொடுத்துவைத்திருக்கிறோம். பொதுவில் போடுவதில்லை. இரண்டு பேர், அவ்வளவுதான். தாங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலும், ஒவ்வாத மருந்தின் பெயரும் பர்ஸில் இருக்கிறது. போன் பூட்டியிருந்தாலும் தெரிகிற மாதிரி அவசரத் தகவலை எழுதிவைக்கும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் உண்டு. பேரனிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் செய்துகொடுப்பான்.

பொதுவில் போடாதது என்றதும் இன்னொன்று. அடுத்தவர் நோயை நாம் அறிவிக்கக் கூடாது. ஒரு தோழிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் நல்ல மனசோடுதான் ஒருத்தி எல்லோருக்கும் சொன்னாள். கட்டி வந்தவளின் பிள்ளைகளுக்கே அப்போது தெரியாது. எவ்வளவு பெரிய ரகளை ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அறுவை சிகிச்சை என்றால் வீட்டில் ஒருவர் குழுவில் ஒருவருக்கு மட்டும் சொல்வது, அவர் மற்றவர்களுக்குச் சொல்வது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் மகள் முப்பது பேருக்கு அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நீண்ட நாள் நோயில்தான் எங்களுக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை. முதல் வாரம் செய்தி கொட்டும். இரண்டாவது மாதம் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். மனைவிக்கு மறதி நோய் வந்து, அவரை முழுநேரமும் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவரே எழுதினார்: "அவ எப்படி இருக்கான்னு என்கிட்ட தினம் கேக்காதீங்கப்பா. நேத்து மாதிரியேதான் இருக்கா. உங்க வீட்டுக் குழாய் ரிப்பேர், மாமியார் சண்டை, அதெல்லாம் எழுதுங்க. எனக்கு நாள் முழுக்க வேற பேச்சே காதுல விழறதில்லை." அதிலிருந்து நாங்கள் குழாய் ரிப்பேரை மூன்று பாகமாக எழுதுகிறோம். இரண்டு மணி நேரம் அவர் மனைவிக்குத் துணை இருந்துவிட்டு வர முடிகிறவர்கள் போய்வருகிறார்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொன்னால் அவர் எதுவும் கேட்கமாட்டார். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரேன், நீ முடி வெட்டிக்கிட்டு வா" என்றால் சரி என்கிறார்.

நம் வியாதிப் பேச்சை வைத்துப் பணம் பிடுங்கவும் ஆள் இருக்கிறார்கள். எங்கள் தோழி ஒருத்தியின் பெயரில், "அவசரம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பணம் அனுப்பு, பேச முடியாது" என்று எல்லோருக்கும் செய்தி வந்தது. அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் யாரோ தெரிந்தவர் மாதிரி எழுதி, எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு இலக்க எண்ணை அவளிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள். அவள் கணக்கே கைமாறிவிட்டது. அந்த எண்ணை யாருக்கும், பெற்ற பிள்ளை கேட்பதாகச் செய்தி வந்தாலும், கொடுக்கக் கூடாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் நமக்கென்று ஆறு இலக்க பின் வைத்துக்கொள்ளலாம். பணம் என்ற சொல் வந்தால் நாங்கள் குரல் கேட்காமல் அனுப்புவதில்லை. குரலைக் கேட்டாலும், வகுப்பில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேட்டுவிடுகிறோம். பழைய பட்டப்பெயர்களுக்கு இப்படியும் ஒரு உபயோகம்.

இப்போது குழுவில் கண்புரைப் பருவம். வரிசையாக ஆளாளுக்கு லென்ஸ் வைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் வங்கி நண்பரின் முறை. தேதி குறித்தாயிற்று என்று எழுதினார். எல்லோரும் வாழ்த்தினோம், சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், கொஞ்ச நாள் கண்ணுக்குள் தண்ணீர் போகாமல் குளியுங்கள் என்றெல்லாம் சொன்னோம். நர்ஸ் தோழி மட்டும், "உங்க பழைய மாத்திரையைப் பத்திக் கண் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். "அதுக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் அவர்.

சம்பந்தம் இருக்கிறது. அந்த புராஸ்டேட் மாத்திரை கருவிழிப் படலத்தின் தசையையும் தளர்த்திவிடும். அறுவை சிகிச்சையின்போது கண்ணின் பாப்பா சரியாக விரியாது, படலம் தொளதொளவென்று ஆடும். 2005-ல்தான் கண் மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அதற்குத் தகுந்த மருந்தோடும் கருவியோடும் தயாராக இருப்பார்கள், ஆபத்து வெகுவாகக் குறையும். நாமாக மாத்திரையை நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை, அதன் விளைவு நிறுத்திய பிறகும் நீடிக்கலாம். ஆகவே எப்போதோ சாப்பிட்டு விட்டிருந்தாலும் சொல்லிவிட வேண்டும். நண்பர் போன் செய்து சொன்னார். டாக்டர் குறித்துக்கொண்டு, வேறென்ன மாத்திரை என்று முழுப் பட்டியலையும் வாங்கிக்கொண்டாராம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்த அன்றே வீடியோ காலில் வந்தார். "வீட்டுல இவ்வளவு தூசி இருக்குன்னு இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே" என்றவர், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நீங்கள்லாம் எப்போ இவ்வளவு கிழமானீங்க?" என்று கேட்டார். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.